தாங் சே திருநாளுக்குக் குவே ஈ: பாட்டியின் கைக்கணக்கைப் பேத்தியிடம் சேர்த்தல்

டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதி வரும் தாங் சே என்ற குளிர்காலத் திருநாளைப் பினாங்கின் ஹொக்கியன் சீனக் குடும்பங்கள் சீனப் புத்தாண்டுக்கு நிகராகவே மதிக்கின்றன. நான் மருமகளாகப் புகுந்த வீட்டில், இஞ்சிப் பாகில் மிதக்கும் குவே ஈ என்ற பசையரிசி மாவு உருண்டைகளை அன்று காலை முன்னோருக்குப் படைத்த பிறகே மற்றவர்கள் உண்பார்கள். உண்டவருக்கு ஒரு வயது கூடியதாகக் கணக்கு. மாமியாரின் கைகள் நடுங்கத் தொடங்கிய ஆண்டில்தான், அவருடைய பக்குவம் எங்குமே எழுதப்படவில்லை என்பது எனக்கு உறைத்தது.

முதல் படி, அளவு. தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால், மாவு கேட்கிற அளவு என்பார். ஆகவே கேட்பதை விட்டுவிட்டு, மாவுப் பொட்டலத்தையும் தண்ணீர்க் குவளையையும் அவர் தொடுவதற்கு முன்பும் பிசைந்து முடித்த பின்பும் மின்தராசில் நிறுத்துக் கழித்துப் பார்த்தேன். 300 கிராம் மாவுக்கு ஏறத்தாழ 240 கிராம் தண்ணீர் என்று தெரிந்தது. காணொளி எடுப்பதைவிட இம்முறையையே நான் விரும்புகிறேன். கேமராவைக் கண்டதும் பெரியவர்களின் கை தன் இயல்பை விட்டுவிடுகிறது.

இரண்டாவது, மாவு. கொழுக்கட்டை மாவு இதற்கு உதவாது; பசையரிசி மாவுதான் வேண்டும். மலேசியக் கடைகளில் தெப்போங் பூலுட் என்று கேளுங்கள். மூன்று யானைத்தலை படமிட்ட தாய்லாந்து மாவில் பச்சை எழுத்துப் பொட்டலமே பசையரிசி. சிவப்பு எழுத்து சாதாரண அரிசி.

மூன்றாவது படியில்தான் நான் இரண்டு ஆண்டுகள் தோற்றேன். உருட்ட உருட்ட மாவு வெடித்தது. தண்ணீர் சேர்த்தால் கையோடு ஒட்டியது. மாமியாரை உற்றுக் கவனித்தபோதுதான், சொல்லத் தேவையில்லை என்று அவர் நினைத்திருந்த ஒன்று கண்ணில் பட்டது. பிசைந்த மாவில் எலுமிச்சை அளவு கிள்ளித் தட்டி, கொதிநீரில் மிதந்து வரும்வரை வேகவைத்து, சூடு பொறுக்கும் பதத்தில் மீண்டும் மாவுடன் சேர்த்துப் பிசைகிறார். வெந்த மாவின் பசை மற்ற மாவை இழுத்துப் பிடிப்பதால் பிறகு வெடிப்பே வருவதில்லை. வெந்த துண்டின் கட்டிகள் முழுதும் கலந்து மறையும்வரை பொறுமையாகப் பிசையுங்கள். அதுவரை மாவு பிசுபிசுவென்றுதான் இருக்கும்.

பாதி மாவில் சிவப்பு நிறம் கலந்து, உருட்டும் வேலை முழுவதையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். ஆறு வயது மகள் உருட்டியவற்றை நான் ஒருமுறை திருத்தி உருட்டினேன். அடுத்த ஆண்டு அவள் அடுக்களைப் பக்கமே வரவில்லை. இப்போது அவள் ஆமாவின், அதாவது பாட்டியின், பக்கத்தில் அமர்ந்து உருட்டுகிறாள். கோணல் உருண்டைகளும் அப்படியே படையலுக்குப் போகின்றன.

சர்க்கரை, நசுக்கிய இஞ்சி, முடிச்சிட்ட பாண்டான் (ரம்பை) இலை ஆகியவற்றைத் தனிப் பாத்திரத்தில் கொதிக்கவைத்துப் பாகு செய்யுங்கள். உருண்டைகளை வெந்நீரில் வேகவைத்து, மிதந்ததும் குளிர்ந்த நீரில் இட்டுப் பாகுக்கு மாற்றுங்கள். பாகிலேயே வேகவைத்தால் அது கலங்கிவிடும்.

பின்சேர்க்கை: பசையரிசி மாவு கிடைக்கவில்லை என்று சென்னை வாசகி ஒருவர் எழுதியிருந்தார். பசையரிசியை இரவு முழுதும் ஊறவைத்து, நைசாக அரைத்து, துணியில் கட்டி நீரை வடித்துக்கொள்ளலாம்; மாமியாரின் தாயார் அப்படித்தான் செய்தாராம். அந்த மாவுக்குத் தண்ணீர் சேர்க்க வேண்டாம், ஆனால் வெந்த துண்டைச் சேர்த்துப் பிசைவதை விட்டுவிடாதீர்கள்.