தோட்டத்துக் கதையை எழுதி வைப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் போய் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்துவிட்டது, அதனால் நினைவிலிருந்துதான் எழுத வேண்டும். "அந்தக் காலம் பொற்காலம்" என்று ஆரம்பிக்காதீர்கள். ரப்பர் பால் பிடிக்கும் மங்கு, விடியலில் ஆள் கணக்கெடுக்க அடிக்கும் பெரட்டு மணி, ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள்.

பாட்டியிடம் மாதம் கேட்டால் தெரியாது என்பார், "மரம் இலை உதிர்த்ததுக்கு முன்னாலயா, பின்னாலயா பாட்டி?" என்று கேளுங்கள், ரப்பர் மரம் இலை உதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் பக்கம் வந்து நிற்கும். ரப்பர் காய் வெடிக்கும் சத்தத்தைப் பற்றியும் கேளுங்கள், என் பாட்டி அதிலேயே அரைமணி நேரம் போய்விட்டார்!

அப்புறம் சரிபாருங்கள். இருட்டிலேயே பால் வெட்டியது கங்காணிக்குப் பயந்து மட்டுமல்ல, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். தாத்தா வேறு மாதிரி சொன்னால் சண்டை தீர்க்க வேண்டாம், சரி, இரண்டையும் எழுதுங்கள்.