நத்தாலே என்றால் டிசம்பரில் பிறந்தவரா?

2012 ஜூன் 10. போலந்தின் க்தான்ஸ்க் நகரில் யூரோ கோப்பைக் கால்பந்து ஆட்டம், இத்தாலிக்கு எதிரே ஸ்பெயின். இத்தாலி அணியில் பலோட்டெல்லிக்குப் பதிலாக இறங்கிய அந்தோனியோ டி நத்தாலே, சக வீரர் பிர்லோ தள்ளிவிட்ட பந்தை வாங்கி வலைக்குள் சேர்த்தார். பிற்பாடு ஒருநாள் அந்த ஆட்டத்தைப் பற்றிய இத்தாலியக் குறிப்பு ஒன்றைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். "கிறிஸ்துமஸ் கோல்" என்று வந்தது. ஜூன் மாதத்தில் ஏது கிறிஸ்துமஸ்?

கணினியை மட்டும் குறை சொல்ல முடியாது. இத்தாலிய மொழியில் நத்தாலே என்றால் கிறிஸ்துமஸ்தான். 'பிறப்புக்குரிய' என்று பொருள்படும் 'நாத்தாலிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதையே ஆண் பிள்ளைக்குப் பெயராக வைக்கிறார்கள். அதுவே குடும்பப் பெயராகவும் இருக்கிறது. நம் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு அங்கே 'பாப்போ நத்தாலே' என்று பெயர். ஒரே சொல்லுக்கு இத்தனை வேலை இருப்பதால், விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்களும் வசன வரி போடுகிறவர்களும் இதில் அடிக்கடி வழுக்கி விழுகிறார்கள்.

அதிகம் பேர் விழுவது 'டி'யில். நமக்கு இனிஷியல் பழக்கம் உண்டல்லவா? அதனால் 'டி' யைப் பார்த்ததும் கை தானாகப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுகிறது: "டி. நத்தாலே". அப்புறம் அவர் டி. சுப்பிரமணியத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார். இது இனிஷியல் இல்லை. 'உடைய' என்ற பொருள் தரும் இடைச்சொல். 'நத்தாலேயின் மகன்' என்பதுதான் டி நத்தாலே. முன்னோர் ஒருவருக்கு நத்தாலே என்று பெயர் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். சிலர் இதை உயர்குலத்தின் அடையாளம் என்று நினைக்கிறார்கள், அதுவும் தவறு. ஊரையும் குறிப்பதில்லை. லியோனார்டோவின் பெயரில் வரும் 'டா வின்சி' வின்சி என்ற ஊரைச் சொல்கிறது. அந்தக் கணக்கு வேறு.

புள்ளி வைக்காதவர்கள் அந்தச் சொல்லையே விழுங்கிவிடுகிறார்கள்: "நத்தாலே இரண்டாவது கோலும் அடித்தார்" என்று. இத்தாலியில் நத்தாலே ஒரு குடும்பப் பெயர், டி நத்தாலே இன்னொன்று. அகர வரிசையில் டி நத்தாலே 'டி'யின் கீழ்தான் வரும். பேசும்போதும் முழுசாகச் சொல்ல வேண்டும். 'டி நத்தாலே அடித்த கோல்' என்பதற்கு அவர்கள் 'கோல் டி டி நத்தாலே' என்பார்கள், இரண்டு 'டி'. அச்சுப் பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிட்டால் மறுபடி கிறிஸ்துமஸ் கோல்தான்.

அவர்களுக்கு எழுத்தில் ஒரு வசதி இருக்கிறது. குடும்பப் பெயரின் 'டி' பெரிய எழுத்தில் வரும், 'கிறிஸ்துமஸ் மரம்' என்பதில் வரும் 'டி' சின்ன எழுத்தில். தமிழில் அந்த வேறுபாடே கிடையாது. அதனால் மூலத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் தமிழில் இறக்க வேண்டும். தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால் அதுவும் உதவாது. உள்ளே போய் முதல் பத்தியைப் படித்தாக வேண்டும்.

உச்சரிப்புக்கு வருவோம். நேட்டல், நடாலி என்றெல்லாம் எழுதுகிறார்கள். கடைசி 'ஏ' இத்தாலியில் ஊமை இல்லை, வாய் திறந்து சொல்ல வேண்டும். அழுத்தம் நடுவில், 'தா'வில். அவர்களுடைய 'த' பல்லைத் தொடும் ஒலி, ஆகவே 'ட' பொருந்தாது. 'நதாலே' என்று ஒற்றில்லாமல் எழுதினால் 'நதி'யில் வருகிற மெல்லிய ஒலி வந்துவிடும். 'நத்தாலே' என்பது ஓரளவு ஒட்டுகிறது. கடைசியில் 'லி' போடக் கூடாது, ஏனென்றால் நத்தாலி என்று தனியாக ஒரு குடும்பப் பெயர் உண்டு. 'கியூப்' படத்தின் இயக்குநர் வின்சென்சோவின் குடும்பப் பெயர் அதுதான். வேர் ஒன்று என்பதற்காக நத்தாலே, நத்தாலி, டி நத்தாலே மூன்றையும் ஒரே குடும்பம் ஆக்கிவிட வேண்டாம். கிறிஸ்துமஸ் பெயர் கொண்ட முன்னோர் ஊருக்கு ஒருவர் இருந்திருப்பார்கள்.

நத்தாலி, நத்தாலியா போன்ற பெண் பெயர்களின் நினைப்பில் நத்தாலே என்பவரையும் பெண்ணாக்கிவிடுவதும் நடக்கிறது. முதற்பெயராக வந்தால் நத்தாலே ஆண். பெண்ணுக்கு நத்தாலினா, நத்தாலியா. குடும்பப் பெயராக வந்தால் பால் வேறுபாடே இல்லை, அக்காவும் தம்பியும் டி நத்தாலேதான். கல்யாணம் ஆனாலும் இத்தாலியப் பெண்ணின் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரே தொடர்கிறது. கணவர் பெயரைக் கொண்டு அவரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

சரி, தலைப்பில் கேட்ட கேள்வி. கிறிஸ்துமஸ் அன்று பிறந்ததால் இந்தப் பெயர் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். நம் அந்தோனியோ டி நத்தாலே 1977 அக்டோபர் 13 அன்று நேப்பிள்ஸில் பிறந்தவர். சரி, அவரை விடுங்கள், அவருடைய முன்னோராவது? அதுவும் உறுதியில்லை. முதன்முதலில் நத்தாலே என்று பெயர் பெற்ற பிள்ளை பெரும்பாலும் அந்தப் பண்டிகையை ஒட்டிப் பிறந்திருக்கும். ஆனால் தென் இத்தாலியில் மூத்த பேரனுக்குத் தந்தை வழித் தாத்தாவின் பெயரை வைப்பது வழக்கம். 'பெயரன்' என்பதுதான் 'பேரன்' ஆனது என்று தெரிந்த நமக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. தாத்தா பெயர் நத்தாலே என்றால், சித்திரையில் பிறந்த பேரனும் நத்தாலேதான். அந்தப் பேரனின் பிள்ளைகள் டி நத்தாலே ஆகியிருக்கலாம். 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், ஒவ்வொரு பங்குக் கோவிலிலும் திருமணப் பதிவேடும் திருமுழுக்குப் பதிவேடும் கட்டாயம் என்றது. தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்த இப்படிப்பட்ட பெயர்கள் நிலைபெற அந்தப் பதிவேடுகளும் ஒரு காரணம்.

பஸ்குவாலே என்ற பெயரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். அது பாஸ்கா, அதாவது ஈஸ்டர் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஈஸ்டர் ஆண்டுக்கு ஆண்டு நகரும் நாள், ஆகவே பெயரை வைத்துத் தேதி சொல்லவே முடியாது. போதாக்குறைக்கு, பழைய இத்தாலியில் பெரிய திருநாள்கள் பலவற்றையும் 'பாஸ்குவா' என்பார்கள். பெந்தகோஸ்து நாளுக்கு 'ரோஜாப் பாஸ்கா' என்றே பெயர் இருந்தது. சாந்தோரோ என்பது நவம்பர் 1 வரும் புனிதர் அனைவர் திருநாளையும், எபிஃபானி என்பது ஜனவரி 6 மூவரசர் திருநாளையும் ஒட்டிய குடும்பப் பெயர்கள்.

இன்னொரு தவறு கொஞ்சம் மனதைப் புண்படுத்தக்கூடியது. சமயம் சார்ந்த குடும்பப் பெயர் என்றாலே கைவிடப்பட்ட குழந்தையின் வம்சம் என்று சொல்லிவிடுவது. நேப்பிள்ஸில் எஸ்போசித்தோ, ஃபிளாரன்ஸில் இன்னொசெந்தி என்று அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு இட்ட பெயர்கள் உண்மையிலேயே உண்டு. இன்னொசெந்தி என்பது 1445இல் திறக்கப்பட்ட 'மாசற்றோர் இல்லம்' என்ற அனாதைக் காப்பகத்தின் பெயரிலிருந்து வந்தது. நத்தாலே அந்த வகையைச் சேர்ந்ததில்லை. பெற்றோரே ஆசையாக வைக்கிற பெயர்தான் அது.

கடைசியாக, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை இத்தாலியக் குடும்பத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். 1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தக் கரையோரம் கடந்த வாஸ்கோ ட காமா வைத்த போர்த்துக்கீசியப் பெயர் அது. 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்கியவர்கள் அந்த நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில்தான் இறங்கினார்கள். இலங்கைத் தமிழில் கிறிஸ்துமஸை நத்தார் என்கிறோமே, அதுவும் போர்த்துக்கீசியர் விட்டுப்போனதுதான். 'நத்தார்' இத்தாலிய நத்தாலேவிலிருந்து வந்தது என்று எழுதினால் யாழ்ப்பாணத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கடிதம் போடுவார்.