ஆன்டெனா மேலே, அனலைசர் கீழே, நடுவில் ஃபைபர்

ஆன்டெனா உயரத்திலும், சிக்னல்களை அதிர்வெண் வாரியாகத் திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் தூரத்து அறையிலும் இருக்க வேண்டுமென்றால், நான் கோஆக்சியல் கேபிளைத் தொடுவதேயில்லை. 1 கிகாஹெர்ட்ஸில் நூறு மீட்டர் கேபிள் சிக்னலின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபரோ 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல்தான் இழக்கும்.

ஆன்டெனாவுக்கு அடுத்து, வேண்டிய அதிர்வெண்களை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர், அப்புறம் இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபையர். இந்த ஆம்ப்ளிஃபையரைத் தவிர்த்தால் ஒளி இணைப்பின் சொந்த இரைச்சலே பலவீனமான சிக்னலை மூழ்கடித்துவிடும். அதன் வெளியீட்டை, மின் சிக்னலுக்கேற்ப லேசர் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் மாக்-சேண்டர் மாடுலேட்டருக்குக் கொடுங்கள். சிக்னல் லேசர் ஒளியில் ஏறிக்கொள்ளும். மறுமுனையில் ஒளியைத் திரும்ப மின் சிக்னலாக்கும் ஃபோட்டோடயோடு, அதில் அனலைசர். சரி, இவ்வளவுதான் இணைப்பு.

மெனக்கெட வேண்டிய இடம் மாடுலேட்டரின் பயாஸ், அதாவது அதற்குக் கொடுக்கும் நிலையான மின்னழுத்தம். வெளிவரும் ஒளி உச்சத்தில் பாதியாக இருக்கும் புள்ளியில் நிறுத்துங்கள். ஒற்றை அதிர்வெண்ணை அனுப்பி, அதன் இருமடங்கு அதிர்வெண்ணில் அனலைசர் திரையில் தெரியும் கூர்முனை மிகக் குறையும்வரை பயாஸ் மின்னழுத்தத்தை மாற்றிப் பார்ப்பது என் வழக்கம். வெப்பம் மாறினால் இந்தப் புள்ளி நகரும். நாள்கணக்கில் கண்காணிப்பதென்றால் தானியங்கி பயாஸ் கட்டுப்பாடு வேண்டும். அதில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது.

கனெக்டர்களைத் துடைத்துவிட்டே மாட்டுங்கள்: ஒளியில் 1 டெசிபல் போனால் ரேடியோ சிக்னலில் 2 டெசிபல் போகும். லேசர் ஓடும்போது ஃபைபர் முனைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.