ட்ரெல்லோவையும் நோஷனையும் இணைக்கும்போது எங்கே சொதப்புகிறது?

வேலைகளை ட்ரெல்லோவிலோ ஆசனாவிலோ பிரித்துக்கொள்வது, கூட்டக் குறிப்புகளையும் முடிவுகளையும் நோஷனிலோ கான்ஃப்ளூயன்ஸிலோ எழுதி வைப்பது. சிங்கப்பூரில் நாலைந்து பேர் நடத்தும் நிறுவனம் முதல், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு நிகழ்ச்சி தயாரிக்கும் தொண்டூழியர் குழு வரை பலருக்கும் இதுதான் வழக்கம். ஒரே விவரத்தை இரண்டு இடத்திலும் கையால் தட்டுவது எரிச்சலான வேலை. அதனால் குழுவில் யாராவது ஒருவர் ஜாப்பியர், மேக், பவர் ஆட்டோமேட் என்று ஏதாவது ஒரு தானியக்கக் கருவியை எடுத்து, ஒரு வரி நிரல்கூட எழுதாமல் ஒரே மதியத்தில் இரண்டையும் இணைத்துவிடுவார். இணைப்பது சுலபம்தான். எந்த விவரம் எங்கே முடிவாகிறது என்று பேசிக்கொள்ளாமல் இணைப்பதில்தான் வம்பு.

அதில் தலையாயது, இருபக்கமும் மாற்றினால் இருபக்கமும் மாற வேண்டும் என்ற ஆசை. ட்ரெல்லோவில் கார்டு (ஒரு வேலைக்கான சீட்டு) மாறினால் நோஷன் பக்கத்தை மாற்று என்று ஒரு தானியக்கம். நோஷன் பக்கம் மாறினால் ட்ரெல்லோ கார்டை மாற்று என்று இன்னொன்று. முதலாவது செய்த மாற்றத்தை இரண்டாவது புதிய மாற்றமாக எண்ணிக்கொள்கிறது, அது செய்ததை முதலாவது மறுபடி எடுத்துக்கொள்கிறது. யாரும் தொடாத கார்டு ராத்திரி முழுக்கத் தானாக மாறிக்கொண்டிருக்கும். சுற்று உருவாகாமல் தப்பினாலும், ஒருவர் நோஷனிலும் மற்றவர் ட்ரெல்லோவிலும் ஒரே நேரத்தில் தேதியை மாற்றினால், கடைசியாக ஓடிய தானியக்கம் வைத்ததே தேதி.

இதற்கு வழி, விவரம் விவரமாகப் பிரித்துக்கொள்வது. யார் செய்வது, எப்போது முடிப்பது, எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் ட்ரெல்லோவுக்குச் சொந்தம். ஏன் இப்படி முடிவெடுத்தோம், என்ன பேசினோம் என்பதெல்லாம் நோஷனுக்குச் சொந்தம். ஒவ்வொரு விவரமும் ஒரே திசையில்தான் ஓட வேண்டும். மறுபக்கத்தில் அதைப் பார்க்கலாம், மாற்றக்கூடாது. பல நேரங்களில் நகலெடுக்கவே வேண்டியதில்லை, இணைப்பு முகவரியை ஒட்டினால் போதும். வேலைகளைப் பின்தொடரும் ஜிராவும், குறிப்பெழுதும் கான்ஃப்ளூயன்ஸும் ஒரே அட்லாசியன் நிறுவனத்தின் கருவிகள். இரண்டையும் ஏற்கெனவே இணைத்து வைத்திருந்தால், ஜிரா முகவரியை கான்ஃப்ளூயன்ஸ் பக்கத்தில் ஒட்டியதும் அந்த வேலையின் நிலை அங்கேயே தெரியும். அதற்கும் ஜாப்பியர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது இரட்டைப் பக்கங்கள். 'கார்டு மாறினால் நோஷனில் பக்கம் உருவாக்கு' என்று அமைத்தால் அது சொன்னதை அப்படியே செய்யும்: கார்டை நான்கு முறை திருத்தினால் நான்கு பக்கங்கள். பெயரை வைத்துத் தேடச் சொல்வதும் உதவாது, ஏனென்றால் 'ஒலிபெருக்கி முன்பதிவு' நாளைக்கே 'ஒலி, ஒளி முன்பதிவு' ஆகிவிடும். கார்டின் அடையாளக் குறியீட்டை நோஷன் தரவுத்தளத்தில் ஒரு தனிப் பத்தியில் (நெடுவரிசையில்) சேமித்து வையுங்கள். தலைப்பை மாற்றினாலும் அது மாறாது. முதலில் அந்தக் குறியீட்டைத் தேடு, இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் மட்டும் புதிதாக உருவாக்கு. இந்த மூன்று படியும் இல்லாத இணைப்பு ஒரு மாதத்தில் குப்பைக்கூடை ஆகிவிடும்.

செலவுக் கணக்கையும் பலர் பார்ப்பதில்லை. ஜாப்பியரில் வெற்றிகரமாக முடியும் ஒவ்வொரு செயலும் ஒரு டாஸ்க். இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 100. கட்டணத் திட்டத்தில் அளவு கூடும், ஆனால் எண்ணும் முறை அதேதான். ஒரு கார்டுக்கு நோஷன் பக்கம், ஸ்லாக் செய்தி, மின்னஞ்சல், விரிதாளில் ஒரு வரி என்று நான்கு செயல் வைத்தால், 40 கார்டுக்கே 160 டாஸ்க் போய்விடும். ஃபில்டர் படிக்கு டாஸ்க் கணக்கு இல்லை. எனவே 'முடிந்தது' பட்டியலுக்கு வந்த கார்டு மட்டும் மேலே போகட்டும் என்று ஆரம்பத்திலேயே வடிகட்டிவிடுங்கள். அப்புறம் அந்த ஸ்லாக் செய்தி நிஜமாகவே தேவையா என்றும் கேட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மணி அடித்தால் யாரும் காது கொடுப்பதில்லை.

நேர வித்தியாசம் கொஞ்சம் விஷமமானது. ட்ரெல்லோ தன் கெடு தேதிகளை உலகப் பொது நேரத்தில்தான் வெளியே தருகிறது. சிங்கப்பூர் அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஏப்ரல் 4 காலை 7 மணிக்கு மேடை அமைக்க வேண்டும் என்று போட்ட கெடு, ஏப்ரல் 3 இரவு 11 மணியாகத்தான் வெளியே வரும். அதில் தேதியை மட்டும் வெட்டி நோஷனில் போட்டால் ஒரு நாள் பிசகிவிடும். காலை 8 மணிக்கு முந்திய வேலைகள் மட்டும் இப்படித் தவறாகக் காட்டுவதால், காரணம் சட்டென்று பிடிபடாது. தானியக்கத்தின் நேர மண்டல அமைப்பைப் பாருங்கள், தேதியை மாற்றும் படியிலும் சிங்கப்பூர் நேரத்தைக் குறிப்பிடுங்கள். பாதிக் குழு சென்னையில் இருந்தால் இரண்டரை மணி நேர வித்தியாசம் வேறு சேரும். கெடுவைத் தேதியாக மட்டும் எழுதாமல் மணியோடு எழுதுவது நல்லது.

தமிழில் குறிப்பெழுதும் குழுக்களுக்குத் தனியாக ஒன்று. நோஷனுக்கு வெளியிலிருந்து அனுப்பும் ஓர் உரைத்துண்டில் 2000 குறிகளுக்கு மேல் இருக்கக்கூடாது. 'கூட்டம்' நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு குறி. நீண்ட விளக்கம் உள்ள கார்டு ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்து, தமிழில் முட்டி நிற்பது இதனால்தான். விளக்கத்தை நகலெடுக்காமல் முகவரியை அனுப்புங்கள்.

பட்டியல் பெயரையோ பத்திப் பெயரையோ மாற்றுவதற்கு முன் எந்தத் தானியக்கம் அதை நம்பி இருக்கிறது என்று பாருங்கள். 'முடிந்தது' என்ற சொல்லை எதிர்பார்க்கும் ஃபில்டர், 'நிறைவு' என்று மாறியதும் பிழை எதுவும் காட்டாமல் சும்மா இருந்துவிடும்.

ஆள் பிரச்சினைக்கு வருவோம். இணைப்பு பெரும்பாலும் அமைத்தவரின் சொந்தக் கணக்கில்தான் ஓடும், பிழை அறிவிப்பும் அவருடைய மின்னஞ்சலுக்கே போகும். அவர் ரிசர்விஸ்ட் (தேசிய சேவை) பயிற்சிக்குப் போயிருக்கும் வாரத்தில் தானியக்கம் நின்றுபோனால் மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. வேலையை விட்டுப் போய், அவருடைய கணக்கை மூடிவிட்டால் எல்லாமே நின்றுவிடும். குழுவுக்கென்று பொதுக் கணக்கு ஒன்று, பிழை அறிவிப்பு இரண்டு பேருக்காவது, எந்தத் தானியக்கம் எதைச் செய்கிறது என்று நோஷனிலேயே ஒரு பக்கம். ஆவணக் கருவிக்கே இணைப்பு போட்டுவிட்டு, அந்த இணைப்பைப் பற்றி ஆவணமே இல்லாமல் இருப்பது வேடிக்கைதான், ஆனால் அடிக்கடி நடக்கிறது.

தனிப்பட்ட விவரங்களில் விளையாட வேண்டாம். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, தகவலை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனம், அங்கும் இங்குள்ளதற்கு இணையான பாதுகாப்பு கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும். சட்டத் தேவையோ, ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்யும் அவசியமோ இல்லாமல் அடையாள அட்டை எண்ணை வாங்கக்கூடாது என்ற கடுமையான வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பங்கேற்பாளர் படிவத்தை அப்படியே கார்டாக்கி, கார்டை அப்படியே நோஷனுக்கு அனுப்பினால், கைப்பேசி எண்ணும் முகவரியும் மூன்று இடங்களில் தங்கிவிடும். மூன்றாவது இடம் தானியக்கத்தின் ஓட்ட வரலாறு. நோஷனில் அழித்தவர்கள் அதை மறந்துவிடுவார்கள். வேலைக்குத் தேவையான பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

சோதனை ஓட்டத்துக்கு 'டெஸ்ட் 1' என்று கொடுத்துத் திருப்தி அடைவதும் தவறுதான். இங்கே நம்மவர் பலருடைய அதிகாரபூர்வப் பெயரின் நடுவில் 'எஸ்/ஓ' (இன்னாரின் மகன்), 'டி/ஓ' (இன்னாரின் மகள்) இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் கோப்புச் சேமிப்பிடங்களான ஷேர்பாயின்ட், ஒன்டிரைவில் கோப்புப் பெயரில் சாய்கோடு வரக்கூடாது. அங்கே அது ஃபோல்டரைப் பிரிக்கும் குறி. பெயரை வைத்துக் கோப்பு உருவாக்கும் தானியக்கம் மற்றவர்களுக்கெல்லாம் ஓடி, இவர்களிடம் மட்டும் தடுமாறும். கோப்பை உருவாக்கும் படிக்கு முன்னால் சாய்கோட்டைச் சிறுகோடாக மாற்றும் படி ஒன்றைச் செருகிவிட்டு, உங்கள் குழுவிலேயே ஆக நீளமான பெயரைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.