பூஸ்ட்டை ஏற்றும் முன் பெட்ரோல் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள்

டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) உள்ள வண்டி வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "எத்தனை பிஎஸ்ஐ ஓட்டுறீங்க?" பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம் எவ்வளவு என்பதுதான் அந்தக் கேள்வி. டேங்கிலிருக்கும் பம்ப் எவ்வளவு பெட்ரோலைத் தள்ளுகிறது, அதைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எத்தனை சதவீத நேரம் திறந்திருக்கிறது என்று கேட்கிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் பிஸ்டன் ஓட்டையாகிக் கழற்றிப்போட்ட என்ஜின்களின் கதையைக் கேட்டால், பாதிக்கு மேல் இந்த இரண்டாவது கேள்வியில் வந்துதான் நிற்கும்.

முதல் தவறு, அடுத்தவர் வண்டியின் பூஸ்ட் எண்ணைக் காப்பியடிப்பது. மீட்டரில் காட்டும் பூஸ்ட் என்பது என்ஜினுக்குள் போன காற்றின் அளவு அல்ல, உள்ளே போக முடியாமல் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாயில்) நெருக்கியடித்து நிற்கும் காற்றின் அழுத்தம். சின்ன டர்போவை மூச்சுமுட்ட விரட்டி எடுத்த 14 பிஎஸ்ஐயும், பெரிய டர்போ சாவகாசமாகத் தரும் 14 பிஎஸ்ஐயும் ஒன்றல்ல. முதலாவதில் காற்று கொதிக்கிறது, நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) பயம். இரண்டாவதில் காற்று குளிர்ந்து அடர்த்தியாக வருகிறது, அதற்கு ஈடாகப் பெட்ரோல் வேண்டும். ஆகவே "இந்த என்ஜினுக்கு 15 வரை சேஃப்" என்று யாராவது மொட்டையாகச் சொன்னால், எந்த டர்போ, எந்த இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் பாகம்), எந்த பெட்ரோல் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

இதில் ஒரு கிளைக் குழப்பமும் உண்டு. டாஷ்போர்டில் மாட்டும் பூஸ்ட் மீட்டர் வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்று காட்டும், ஈசியூவிலிருந்து (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) எடுக்கும் பதிவான லாக் பெரும்பாலும் வெளிக்காற்றையும் சேர்த்து மொத்த அழுத்தத்தைக் காட்டும். லாக்கில் 2 பார் என்று இருந்தால் மீட்டரில் அது 1 பார், அதாவது 14.5 பிஎஸ்ஐ. இதைத் தெரியாமல் "ரெண்டு பார் ஓட்டுறேன்" என்று சொல்பவரைப் பார்த்து இன்னொருவர் பூஸ்ட் கன்ட்ரோலரைத் திருகினால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். டர்போ பெட்ரோல் என்ஜின் முழு மிதியில் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 6 சிசி பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தாராளமான எண்தான், தாராளமாக இருப்பதே நல்லது. நிஸ்ஸான் சில்வியா எஸ்13-இல் 1991-இல் வந்த எஸ்ஆர்20டிஇடி என்ஜினை எடுத்துக்கொள்வோம். உலகமெங்கும் அதிகம் கைவைக்கப்பட்ட என்ஜின்களில் ஒன்று, கம்பெனிக் கணக்கில் 205 குதிரைத்திறன். அதில் நான்கு இன்ஜெக்டர், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 370 சிசி. மொத்தம் 1480. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்துவைக்கக் கூடாது என்பது பொதுவான எல்லை, அப்படியானால் கையில் இருப்பது 1258 சிசி. ஆறால் வகுத்தால் 210. கம்பெனி பவருக்கு மேல் ஐந்தே குதிரை! நம் 6 சிசி தாராளக் கணக்கு என்பதால் நிஜத்தில் இன்னும் சற்று இடம் இருக்கும், ஆனால் பெரிய இடமெல்லாம் இல்லை. அதே என்ஜினில் 300 குதிரை வேண்டுமென்றால் 1800 சிசி, ஒரு இன்ஜெக்டருக்கு 450, அதை 0.85-ஆல் வகுத்தால் 530. அதனால்தான் 550 சிசி இன்ஜெக்டரைத் தேடுகிறார்கள். டர்போவை மாற்றி, எக்ஸாஸ்ட்டை மாற்றி, பூஸ்ட்டையும் ஏற்றிவிட்டு இன்ஜெக்டரை மட்டும் அப்படியே விட்டால் இந்த வகுத்தல் சும்மா விடாது.

85 ஏன்? 7000 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக்கும் சேர்ந்த ஒரு முழுச் சுற்று (கிராங்க் இரண்டு முறை சுழல்வது) முடிய 17 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். இன்ஜெக்டர் திறக்கவும் மூடவும் அதில் ஒரு பங்கு போய்விடும். மேல் எல்லையை நெருங்கினால் அது மூடவே நேரமில்லாமல் திறந்தபடியே கிடக்கும், அதற்குமேல் ஈசியூ எவ்வளவு கேட்டாலும் வருவது அதேதான்.

இப்போது என்னை அதிகம் பயமுறுத்தும் தவறு. இது பார்ட்ஸ் வாங்காததால் வருவதுகூட இல்லை, ஒரு சின்ன ரப்பர் ஹோஸால் வருவது. இந்த மாதிரி என்ஜின்களில் பெட்ரோல் அழுத்தம் மேனிஃபோல்டு அழுத்தத்தைவிட எப்போதும் 3 பார் அதிகமாக இருக்கவேண்டும். பூஸ்ட் 1 பார் ஏறினால், இதைப் பார்த்துக்கொள்ளும் ரெகுலேட்டர் பெட்ரோல் அழுத்தத்தை 4 பாருக்கு ஏற்றும். மேனிஃபோல்டிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் அந்த ஹோஸ் கழன்றோ வெடித்தோ போனால் பெட்ரோல் 3 பாரிலேயே நிற்கும், எதிரே 1 பார் பூஸ்ட் தள்ளுகிறது, மிச்சம் 2 பார். அளவு வர்க்கமூலத்தில் குறையும், ஆகவே கிடைப்பது 82 சதவீதம். முழு மிதியில் 11.5-க்கு 1 என்று அமைத்த காற்று-பெட்ரோல் விகிதம் சத்தமில்லாமல் 14-க்கு 1 ஆகிவிடும். மெதுவாக ஓட்டும்போது 14 ஒன்றும் செய்யாது. முழு பூஸ்ட்டில் 14 என்றால் பிஸ்டன் ரிங் இருக்கும் விளிம்பு உடைவதற்கு ஒரு நீளமான நேர்ரோடு போதும்.

இதில் கொடுமை என்னவென்றால் ஐடிலில் ஒன்றும் தெரியாது. அப்போது பெட்ரோல் கொஞ்சம் கூடத்தான் போகும், ஆக்ஸிஜன் சென்சார் பார்த்து ஈசியூ சரிசெய்துகொள்ளும். நண்பர் ஒருவரின் வண்டியில் அந்த ஹோஸ் ஊறி லூசாகி, பூஸ்ட் ஏறும்போது மட்டும் நழுவிக்கொண்டிருந்தது. அவர் கவனித்தது "மேலே போகும்போது முன்னைவிட நல்லா இழுக்குது" என்பதை மட்டும்தான்! லீனாகும் (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறையும்) வண்டி சிலசமயம் அப்படித்தான் ஏமாற்றும். ஒரு கேபிள் டை போட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். ஃப்யூயல் பிரஷர் மீட்டர் மாட்டுங்கள், ஆனால் பெட்ரோல் குழாயை நேராக டாஷ்போர்டுக்குக் கொண்டுவரும் கைவேலை வேண்டாம். முன்பக்கம் சென்சார், உள்ளே வெறும் வயர். பல புது வண்டிகளில் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும், இந்த ஹோஸே இருக்காது. அங்கே பூஸ்ட் ஏற ஏற அழுத்த வித்தியாசம் குறைவதை ஈசியூ இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து ஈடுகட்டும், ஆகவே நம் 85 சதவீதம் இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

பம்ப் விஷயத்தில் பெட்டிமேல் அச்சடித்த எண்ணை நம்புவது பெரிய தவறு. மணிக்கு 255 லிட்டர் என்றால் அது ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில், ஒரு குறிப்பிட்ட வோல்டேஜில். அழுத்தம் ஏறினால் அளவு குறையும், வோல்டேஜ் குறைந்தாலும் குறையும். நம் 300 குதிரைக்குத் தேவை மணிக்கு 108 லிட்டர்தான், ஆகவே அசல் பம்ப் என்றால் தாராளம். ஆனால் சந்தையில் போலி நிறைய, அதைப் பழைய மெல்லிய வயரிலேயே இணைத்தால் பின்னால் டேங்குக்குப் போய்ச் சேரும்போது வோல்டேஜ் கணிசமாக விழுந்திருக்கும். பேட்டரியிலிருந்து தனி ரிலே, தடிமனான வயர், புது ஃபில்டர். இரண்டாம், மூன்றாம் கியரில் எல்லாம் சரியாக இருந்து, நான்காம் கியரில் நீளமாக மிதிக்கும்போது மட்டும் லீனாகிறதா? முதலில் பம்ப் பக்கம் பாருங்கள்.

அடுத்தது ஈசியூவை ஏமாற்றுவது. பூஸ்ட் அளவு மீறினால் கம்பெனி ஈசியூ பெட்ரோலை வெட்டிவிடும், வண்டி தலையில் அடித்தமாதிரி நிற்கும். இது எரிச்சலாக இருக்கிறது என்று பிரஷர் சென்சாரின் சிக்னலை ஓர் எல்லையில் பிடித்துவைக்கும் சின்னக் கருவிகள் விற்கிறார்கள். அதை மாட்டினால் வெட்டு நின்றுவிடும், உண்மை. கூடவே கூடுதல் காற்று வந்ததும் ஈசியூவுக்குத் தெரியாது, கூடுதல் பெட்ரோலும் வராது. புகை அலாரம் கத்துகிறது என்று பேட்டரியைக் கழற்றுகிற கதைதான்.

விகிதத்தை அளக்க வைட்பேண்ட் சென்சார் வேண்டும். பழைய வண்டிகளில் கம்பெனி கொடுத்திருக்கும் நேரோபேண்ட், பெட்ரோல் முழுசாக எரியச் சரியான விகிதமான 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும், 11.5-க்கும் 13-க்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. முடிந்தால் லாம்டாவில் (எந்த எரிபொருளானாலும் அதற்குச் சரியான விகிதத்தை 1 என்று வைக்கும் அளவு) படியுங்கள். காரணம் எத்தனால். இந்தியாவில் 2025-க்குள் பெட்ரோல் பங்க்குகளில் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) பரவிவிட்டது. எத்தனாலுக்குக் குறைந்த காற்றே போதும், திருப்பிச் சொன்னால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். சுத்த பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20-க்கு ஏறக்குறைய 8 சதவீதம், இ10-ஓடு ஒப்பிட்டால் 4 சதவீதம். எத்தனால் கலக்காத பெட்ரோலில் 85 சதவீதத்தில் நின்ற இன்ஜெக்டர் இ20-இல் 92-க்குப் போகும். சில வருடங்களுக்கு முன் செய்த ரீமேப்பை (ஈசியூவின் மென்பொருள் மாற்றம்) வைத்து இன்றும் ஓட்டுகிறீர்கள் என்றால் ஒருமுறை லாக் எடுத்துப் பார்த்துவிடுங்கள். அப்புறம், இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 போட்டு டியூன் செய்துவிட்டு, ஊருக்குப் போகும் வழியில் கிடைத்ததை நிரப்பி அதே மேப்பில் மிதிப்பதும் வேண்டாம். அந்த டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) 100 ஆக்டேனுக்குப் போட்டது.

இங்கே அதிகம் ரீமேப் ஆகும் போலோ, ஆக்டேவியா மாதிரி டிஎஸ்ஐ வண்டிகளில் கதை வேறு. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது, கேம்ஷாஃப்ட் சுழற்றும் உயர் அழுத்த பம்ப் தனியாக இருக்கிறது, தெளிக்கக் கிடைக்கும் நேரமும் குறைவு. டேங்க் பம்ப்பை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை. லாக்கில் ஈசியூ கேட்கும் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் பொதுக் குழாய்) அழுத்தத்தையும் உண்மையில் இருக்கும் அழுத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மேல் ஆர்பிஎம்மில் இரண்டும் பிரிந்தால் அங்கேதான் உங்கள் எல்லை. ரீமேப் செய்தவர் "ஸ்டேஜ் 1 (பார்ட்ஸ் மாற்றாமல் மென்பொருள் மட்டும்) தானே சார்" என்று சொன்னாலும் சரி. இன்னொன்று, இந்தச் சின்ன என்ஜின்களை டாப் கியரில் 1500 ஆர்பிஎம்மில் வைத்துக்கொண்டு முழுசாக மிதிக்காதீர்கள். பிளக் பொறி விடும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும் சிக்கல் அங்கேதான் வரும், ஒரே அடியில் பிஸ்டன் உடையலாம். கியரைக் குறையுங்கள். ஆயில் ஏபிஐ எஸ்பி தரமா என்று பாருங்கள், அந்தத் தரத்தில் இதற்கென்றே சோதனை உண்டு.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே 0.77 பார்தான். மொத்த அழுத்தத்தைப் பார்த்து பூஸ்ட் வைக்கும் ஈசியூ அங்கேயும் 2 பாரைத் தொட முயன்றால், கீழே காற்றை இரண்டு மடங்கு அழுத்திய டர்போ மேலே 2.6 மடங்கு அழுத்தவேண்டும். அதன் சுழற்சி எங்கோ போய்விடும். மலையில் இன்னும் கொஞ்சம் பவர் வேண்டும் என்று பூஸ்ட் ஏற்றுவது டர்போவைக் கொல்ல நல்ல வழி.

கோவையில் செட்டிப்பாளையம் காரி டிராக்குக்கு வண்டி கொண்டுபோகிறவர்கள் எடை குறையட்டும் என்று கால் டேங்க் பெட்ரோலோடு வருவதைப் பார்க்கிறேன். நீளமான வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும், வளைவு முடிந்து முழுசாக மிதிக்கும் அதே நொடியில் அழுத்தம் இருக்காது. மேலே சொன்ன கணக்கெல்லாம் சரியாகப் போட்ட வண்டியிலும் இது நடக்கும். பாதிக்கு மேல் நிரப்பிக்கொண்டு வாருங்கள், அந்தக் கொஞ்சம் கூடுதல் எடையால் உங்கள் லேப் டைம் கெடப்போவதில்லை.