பாங்கொக்கில் முதல் நாள்: நாலு பேர் சண்டை பிடிக்காமல் சுற்றும் வழி

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிற நேரத்தில் பாதிதான் கட்டுநாயக்காவிலிருந்து பாங்கொக்குக்குப் பறக்கிற நேரம். மூன்றரை மணித்தியாலம். ஆனபடியால் பிளேன் ஏறமுதலே ஆள் அலுத்துப்போய்விடும். நாங்கள் நாலு பேர், ஒரே வகுப்பில் படித்தவர்கள், இரண்டு வருஷம் சீட்டுக் கட்டிக் காசு சேர்த்து வெளிக்கிட்டோம். முதல் நாளே ஐந்து இடம் பார்ப்பதென்று கொப்பியில் எழுதி வைத்திருந்தோம். மத்தியானத்துக்குள் ஒருத்தியோடு ஒருத்தி கதைக்கவில்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதல் நாளை அந்த ஊருக்குள் போய்வரப் பழகுவதற்கென்று விட்டுவிடுங்கள். கோயிலும் மாளிகையும் நாளைக்கும் இருக்கும்.

இறங்கியதும் மணிக்கூட்டை ஒன்றரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தின் அடித்தளத்திலேயே நகரத்துக்குப் போகும் ரயில் நிற்கும். நாங்கள் போனபோது கடைசி நிலையமான பயா தாய் வரைக்கும் தாய்லாந்துக் காசில் 45 பாட். அரை மணித்தியாலம் போல எடுத்தது. டிக்கெட்டுக்குப் பதிலாக கரம் காய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வில்லை தருவார்கள். உள்ளே போகும்போது அதை வாசலில் தொட்டுக் காட்டவேண்டும், வெளியே வரும்போது ஓட்டைக்குள் போடவேண்டும். நல்லூர்க்காரி அதை எங்கேயோ வைத்துவிட்டு, கைப்பை முழுவதையும் நிலத்தில் கொட்டித் தேடினாள். கடைசியில் பிரஷர் குளிசைப் பெட்டிக்குள் இருந்தது. ஒருவரே நாலு வில்லையையும் வாங்கலாம், ஆனால் அவரவர் வில்லை அவரவர் கையில் இருக்கட்டும்.

காசு விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் ஆளுக்கு 1000 பாட் ஒரு பொதுப் பேர்ஸுக்குள் போடுங்கள். ரயில், சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அதிலிருந்து. சாமான் வாங்குவது சொந்தக் காசில். பேர்ஸ் ஒவ்வொரு நாளும் கை மாறவேண்டும். ஒருத்தியே வைத்திருந்தால் இரண்டாம் நாள் அவள் கணக்குப்பிள்ளை ஆகிவிடுவாள்.

நகரத்துக்குள் ஓட ஸ்கைட்ரெயின் போதும். 1999இல் தொடங்கியது, வீதிக்கு மேலே தூண்களில் ஓடுகிறது. அதன் இரண்டு முக்கிய பாதைகளும் சந்திக்கிற இடம் சியாம் நிலையம். சனம் திருவிழா மாதிரி. அங்கேதான் நாங்கள் பிரிந்தோம்: மூன்று பேர் ஏறக் கதவு பூட்டுப்பட்டது, சங்கானைக்காரி கண்ணாடிக்கு வெளியே நின்று கையைக் காட்டுகிறாள். அவளுடைய போனில் சிம் கூடப் போடவில்லை. நாங்கள் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வர, அவள் எங்களைத் தேடி அடுத்த ரயிலில் ஏறிப் போய்விட்டாள். நாற்பது நிமிஷம் போனது. இதற்கு ஒரு விதியை ஊரில் வைத்தே பேசி வையுங்கள்: ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அசையாமல் நிற்பது, விடுபட்டவர் பின்னால் வருகிற ரயிலில் வருவது.

இன்னொன்று. பின்னேரம் 6 மணிக்கு நிலையத்தில் தேசிய கீதம் ஒலிக்கும். காலை 8 மணிக்கும் அப்படித்தான். எல்லாரும் நடந்த இடத்திலேயே நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள். எங்களுக்கு இது தெரியாது. ஓடிக்கொண்டிருந்த அவ்வளவு சனமும் ஒரே கணத்தில் உறைந்து நின்றது. எங்கள் வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குக் கூட்டம் அப்படி நின்றால் வேறு நினைப்புத்தான் முதலில் வரும். நான் என்னையறியாமலே அடையாள அட்டை இருக்கிற பையின் சிப்பைத் தடவிக்கொண்டு நின்றேன். பாட்டு முடிந்தது, சனம் விட்ட இடத்திலிருந்து ஓடியது.

வாகனங்கள் எங்களைப் போல இடப்பக்கம்தான் ஓடும், அதனால் வீதி கடக்கிற பழக்கத்தை மாற்றத் தேவையில்லை. ஆனால் நடைபாதையிலும் மோட்டார்சைக்கிள் வரும். துக்துக் என்பது எங்கள் ஓட்டோதான், கொஞ்சம் மினுக்கம் கூட. அரச மாளிகைப் பக்கம் வடிவாக உடுத்த ஒருவர் வந்து, “மாளிகை இன்றைக்குப் பூட்டு, மலிவாகச் சுற்றிக் காட்டுகிறேன்” என்றால் சிரித்துவிட்டு நேரே வாசலுக்கு நடவுங்கள். நாங்கள் ஏறினோம். கொண்டுபோய் விட்ட இடம் ஒரு கல்லுக் கடை. இரத்தினபுரி இருக்கிற நாட்டிலிருந்து போன எங்களுக்கே நீலக்கல் விற்கப் பார்த்தார்கள்! மாளிகைக்குள் போக முழங்காலும் தோளும் மூடியிருக்கவேண்டும். சல்வார் போட்டிருந்ததால் எங்களுக்குப் பிரச்சினை இருக்கவில்லை.

வெயில் ஏறியதும் சேன் சேப் வாய்க்கால் படகில் ஏறுங்கள். தண்ணீர் மணக்கும், சொல்லிவிட்டேன். தண்ணீர் தெறிக்கும்போது ஓரத்தில் இருக்கிறவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தால் பிளாஸ்டிக் திரை மேலே வரும். அது உங்கள் வேலை. காசு வாங்குகிறவர் ஹெல்மெட்டோடு படகின் விளிம்பில் நடந்து வருவார். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகு ஏறிப் பழகிய கால்களுக்கு இது பெரிய காரியமில்லை.

சாப்பாட்டில், வெள்ளிக்கிழமை மச்சம் தின்னாதவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் கவனம். மரக்கறி என்று தருவதிலும் மீன் சோஸ் விட்டிருப்பார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பாக 17 என்று எழுதினது மாதிரி ஓர் எழுத்துத் தெரிகிறதா, அந்தக் கடையில் துணிந்து சாப்பிடலாம். அதை ‘ஜே’ என்பார்கள்.

முதல் நாள் பின்னேரத்துக்கு ஒரே ஒரு இடம் போதும். சாம் யோத் நிலக்கீழ் ரயில் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சிவப்பு நிறத்தில் ஓங்கி நிற்கும் ஊஞ்சல் மரம், முந்தி விழாவில் ஊஞ்சல் கட்டி ஆடிய பெரிய தூண்கள். ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுவிட்டது. அதைச் சேர்ந்த விழாவின் பெயர் திரியம்பவாய்; எங்கள் திருவெம்பாவைதான் அங்கே அப்படி ஆகியிருக்கிறது. மார்கழியில் விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் கேட்டு எழும்பிய நாலு பேர், அந்த வாகன இரைச்சலுக்கு நடுவில் ‘ஆதியும் அந்தமும்’ இரண்டு வரி முணுமுணுத்தோம். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

சந்தைகளில் வாழையிலைக் கிண்ணத்தில் மஞ்சளாக, மேலே தேங்காய்ப்பூத் தூவி ஒரு பலகாரம் விற்பார்கள், ‘கனோம் தான்’ என்று பெயர். வாங்குங்கள். பனங்களியில் செய்வது. சங்கானைக்காரி ஒன்றை மணந்து பார்த்துவிட்டு வாயில் போட்டாள்.

“பனங்காய்ப் பணியாரத்தைப் பொரிக்காமல் அவிச்சுக் கெடுத்துப்போட்டாளவை,” என்றாள். சொல்லிக்கொண்டே பொதுப் பேர்ஸைத் திறந்து இன்னும் எட்டு வாங்கினாள்.