லண்டனில் அக்கா வீடும் பக்கத்து ஸ்டேஷனும்: ரயில், பஸ் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் முறை லண்டன் போனபோது எனக்குக் கிடைத்தது மூன்று வாரம். அதில் 9 நாளைக் கிளாப்பம் ஜங்ஷனில் கழித்தேன். 17 நடைமேடை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ரயில், ரயில் பைத்தியம் பிடித்த யாரும் அதை விடமாட்டார்கள், சரி. ஆனால் அக்கா வீடு இருப்பது ஹாரோவில், ஊரின் வடமேற்குக் கோடியில். கிளாப்பமோ தேம்ஸ் நதிக்குத் தெற்கே. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், நடுவில் நின்று பார்க்கிற நேரம் தனி. வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா பையன் தூங்கியிருப்பான், அக்கா குழம்பை இரண்டாவது தடவையாகச் சூடு பண்ணிக்கொண்டிருப்பாள். ஊருக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போதுதான், பால் வாங்கப் போன வழியில், ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன் ஸ்டேஷன் வாசலில் நின்றேன். வீட்டிலிருந்து 12 நிமிட நடை. உள்ளே ஏதோ ஒன்று நிற்காமல் பாய்ந்து போன சத்தம் கேட்டது. லண்டனின் யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து பர்மிங்காம், மான்செஸ்டர், கிளாஸ்கோ போகிற மெயின் லைன் அது. மணிக்கு 125 மைல் வரை ஓடுகிற, வளைவில் சாய்ந்து போகிற பெண்டலினோ என்ற எக்ஸ்பிரஸ் ரயில்கள் இத்தனை நாளும் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன.

உறவினர் வீட்டுக்குப் போய் ரயிலும் பஸ்ஸும் பார்க்க நினைக்கிறவர்கள் செய்கிற பெரிய தவறு இதுதான். பேர் பெற்ற இடத்தைத் தேடி ஓடுகிறோம், அந்த வீட்டு மனிதர்கள் தினமும் ஏறி இறங்குகிற ஸ்டேஷனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. லண்டனில் நம் ஆட்கள் அதிகம் இருக்கிற பகுதிகளில் பெரும்பாலும் நல்ல ரயில் பாதை ஒன்று பக்கத்திலேயே இருக்கும். ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோனையே எடுத்துக்கொள்ளுங்கள். மெயின் லைன் எக்ஸ்பிரஸ், நின்று போகும் உள்ளூர் ரயில், சரக்கு ரயில், லண்டன் ஓவர்கிரவுண்ட் என்ற நகர ரயில் எல்லாம் அங்கே வரும். அதோடு பேக்கர்லூ பாதையின் டியூப் ரயில், அதாவது சுரங்க ரயில், வந்து திரும்புகிற கடைசி ஸ்டேஷனும் அதுதான். அந்தப் பாதையில் ஓடுவது 1972 ரகம், லண்டன் டியூபில் இன்று ஓடுகிறவற்றில் இதுதான் மிகப் பழையது. ஐம்பது வயதைத் தாண்டிய அந்தச் சின்ன ரயில் ஒரு நடைமேடையில் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்க, இரண்டு நடைமேடை தள்ளி 11 பெட்டி பெண்டலினோ சாய்ந்துகொண்டு பறக்கிற காட்சிக்காக நான் இன்னொரு முறை விசா வரிசையில் நிற்கத் தயார்.

அடுத்தது காசு போகிற தவறு. நம் ஊரில் நடைமேடைச் சீட்டு வாங்கினால் இரண்டு மணி நேரம் நிம்மதியாக உள்ளே நிற்கலாம். அதே நினைப்பில் அங்கே ஆய்ஸ்டர் என்ற பயணக் கார்டைத் தட்டி உள்ளே போய், ஒன்றரை மணி நேரம் ரயில் பார்த்துவிட்டு, அதே ஸ்டேஷனில் தட்டி வெளியே வந்தால், கணக்கு வேறு மாதிரி ஓடும். நீங்கள் எங்கேயோ போய்த் தட்டாமல் இறங்கிவிட்டீர்கள், எங்கிருந்தோ தட்டாமல் ஏறி இங்கே வந்திருக்கிறீர்கள் என்று முடிவு செய்து, முடியாத பயணம் இரண்டு என்று அதிகபட்சக் கட்டணத்தை இரண்டு முறை எடுத்துவிடும். எனக்கு அது நடந்தது, அன்றைக்கு இரவு கணக்கைப் பார்த்தபோதுதான் விளங்கியது. இதற்கு இரண்டு வழி. கேட்டில் நிற்கும் ஊழியரிடம், ஒரு மணி நேரம் ரயில் படம் எடுக்க வேண்டும் என்று நேராகச் சொல்லிக் கேட்பது ஒன்று. அவர்கள் விட்டே ஆகவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் எனக்குப் பல முறை சிரித்த முகத்தோடு கதவைத் திறந்திருக்கிறார்கள். அது முடியாவிட்டால் நிஜமாகவே ஒரு குட்டிப் பயணம் போய், வேறு ஸ்டேஷனில் தட்டி வெளியே வந்து, கொஞ்சம் சுற்றிவிட்டுத் திரும்புவது. இன்னொன்று, உள்ளே போகும்போது போனைத் தட்டிவிட்டு வெளியே வரும்போது கார்டைத் தட்டாதீர்கள். இரண்டிலும் ஒரே வங்கிக் கணக்கு இருந்தாலும் அது இரண்டு ஆளாகத்தான் கணக்காகும்.

பஸ்ஸில் இந்தத் தலைவலி இல்லை, ஏறும்போது மட்டும் தட்டினால் போதும். 2014 ஜூலையிலிருந்து லண்டன் பஸ்ஸில் ரொக்கமாகக் காசு வாங்குவதில்லை, ஆகவே நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். நான் போனபோது கட்டணம் 1.75 பவுண்ட், முதல் பஸ்ஸில் தட்டிய ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசுதான். பஸ் ரசிகர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? 182ல் ஏறி, பிடித்த வண்டி எதிரே வந்தால் இறங்கி, 258ல் ஏறித் திரும்பலாம். 11 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு பஸ் இலவசம், டியூபிலும் டிக்கெட் எடுத்த பெரியவர்களோடு போனால் இலவசம். மாடி பஸ்ஸில் மேல் தட்டு முன் இருக்கை காலியாக இருந்தால் அதைப் பிள்ளைக்கோ, கூட வந்த அம்மாவுக்கோ கொடுங்கள்.

பஸ் பார்ப்பவர்கள் வழித்தட எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள், அது போதாது. ஒவ்வொரு வண்டியின் உடம்பிலும் அதன் தனி எண் இருக்கும், பக்கவாட்டில் டிப்போவின் குறியீடும் பெரும்பாலும் இருக்கும். ஹாரோ வீல்ட் டிப்போ என்றால் எச்.டி. எந்த வண்டி எந்த டிப்போவிலிருந்து எந்தத் தடத்துக்கு வந்தது என்று பார்க்கிறபோதுதான் இதில் ருசியே இருக்கிறது, ஈரோடு ஷெட் எஞ்சின் எதிர்பாராத வண்டியில் வந்தால் நாம் துள்ளுவோமே, அதே மாதிரி. பின்னால் ஏறி இறங்கும் திறந்த படியோடு இருந்த ரூட்மாஸ்டர் என்ற பழைய மாடி பஸ்ஸைத் தெருவில் எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். வழக்கமான தடங்களில் அதன் ஓட்டம் 2005 டிசம்பர் 9ஆம் தேதி 159ஆம் தடத்தோடு முடிந்துவிட்டது. இப்போது தெருவில் தெரிகிற வளைந்த கண்ணாடி வண்டி 2012ல் வந்த புதியது, மொத்தம் 1,000 வண்டி. பழையதைப் பார்க்க வெய்பிரிட்ஜ் பக்கம் புரூக்லண்ட்ஸில் உள்ள லண்டன் பஸ் மியூசியத்துக்குப் போங்கள். அப்புறம், டிப்போ வாசலில் நின்று பார்க்கலாம், உள்ளே காலை வைக்கக் கூடாது. பின்னால் எடுக்கிற மாடி பஸ்ஸின் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

ரயிலில் நம் ஊர்க் கண்ணோடு பார்ப்பதால் வருகிற தவறு ஒன்று உண்டு. நாம் எஞ்சினைத் தேடுவோம். வேப் 7 வகையா, வேப் 4 வகையா, எந்த ஷெட் என்றுதான் நம் கண் முதலில் போகும். பிரிட்டனில் பயணிகள் ரயிலில் பெரும்பாலானவற்றுக்குத் தனி எஞ்சினே கிடையாது, நம் வந்தே பாரத் மாதிரி முழு ரயிலும் ஒரே தொகுப்பு. ஆறு இலக்க எண்ணில் முதல் மூன்று அதன் வகை, அடுத்த மூன்று அந்தத் தொகுப்பின் அடையாளம். 390 என்றால் பெண்டலினோ. அதற்கு அடுத்த இலக்கம் 0 என்றால் 9 பெட்டி, 1 என்றால் 11 பெட்டி. பெட்டிக்குப் பெட்டி வேறு எண்ணும் எழுதியிருக்கும், அவசரத்தில் அதைக் குறித்துக்கொண்டு வந்து பிறகு பட்டியலில் தேடித் தவிப்பவர்கள் உண்டு. 33 என்று முடிகிற பெண்டலினோவுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 2007 பிப்ரவரியில் கிரேரிக் என்ற இடத்தில் தடம் புரண்ட ரயில் அது, மறுபடி ஓடவே இல்லை.

எஞ்சின்தான் வேண்டும் என்றால் சரக்கு ரயிலுக்குக் காத்திருங்கள், 66ஆம் வகை டீசல் நிச்சயம் ஒரு நாள் வரும். ரியல்டைம் டிரெய்ன்ஸ் தளத்தில் விரிவான பட்டியலைத் திறந்தால் பயணிகளுக்கான அறிவிப்புப் பலகையில் வராத ரயில்களும் தெரியும். ரயில் குறியீட்டின் முதல் எண் 1 என்றால் எக்ஸ்பிரஸ், 2 என்றால் நின்று போவது, 5 என்றால் பயணிகள் இல்லாத காலி ரயில், 4 அல்லது 6 என்றால் சரக்கு. சரக்கு ரயில் குறித்த நேரத்துக்கு முன்பே போய்விடுவதும் சகஜம், ஆகவே நேரத்துக்குச் சரியாகப் போய் நிற்பதும் ஒரு தவறுதான்.

நடைமேடையில் எப்படி நடந்துகொள்வது என்பதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே தவறு நடந்தால் அது நம்மோடு நிற்காது, நம்மை வீட்டில் வைத்துச் சோறு போடுகிறவர்களையும் இழுத்துவிடும். ஃப்ளாஷ் கூடவே கூடாது, ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யும். ஃப்ளாஷ் தானாக எரிகிற மாதிரி போனில் இருக்கும், வீட்டிலேயே அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். குளிருக்கு வாங்கும் ஜாக்கெட் பளீர் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கக் கூடாது, தண்டவாள ஊழியர் போடும் பாதுகாப்பு உடை என்று ஓட்டுநர் குழம்பலாம். நம் பிள்ளைகள் ரயிலைப் பார்த்தால் இரண்டு கையையும் தூக்கிக் குதிப்பார்கள். அங்கே இரண்டு கையைத் தலைக்கு மேல் தூக்கினால் ஓட்டுநருக்கு அது ஆபத்து, நிறுத்து என்ற சைகை. ஒரு கையை மட்டும் ஆட்டச் சொல்லிக்கொடுங்கள், பல ஓட்டுநர்கள் பதிலுக்குக் கை காட்டுவார்கள், சிலர் ஹாரனும் கொடுப்பார்கள். பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு நடைமேடைக் கோடிக்குப் போய்விடுவதும் வேண்டாம், கேட்பாரற்ற பை என்றால் ஸ்டேஷனையே காலி பண்ணிவிடுவார்கள். லென்ஸ் மூடி தண்டவாளத்தில் விழுந்தால் ஊழியரிடம் சொல்லுங்கள், இறங்காதீர்கள். ஹாரோவில் ஒரு பக்கம் தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி, இன்னொரு பக்கம் தரையோடு ஓடும் மின் தண்டவாளம். தண்டவாளத்தில் இறங்குவது அங்கே குற்றம், 1,000 பவுண்ட் வரை அபராதம். அந்த ஸ்டேஷன் வாசலில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1952 அக்டோபர் 8ஆம் தேதி காலையில் மூன்று ரயில்கள் மோதி 112 பேர் இறந்த இடம் அது. உள்ளே போகும்போது ஒரு நிமிடம் அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் நான் போவேன்.

நிற்காத ரயில் வரப்போகிறது, விலகி நில்லுங்கள் என்று அறிவிப்பு வந்ததும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் இன்னும் இரண்டு அடி தள்ளி நில்லுங்கள், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் தண்டவாளம் மெல்ல முணுமுணுக்கும். விளக்கு தெரிகிறது என்று நினைப்பதற்குள் முகத்தில் காற்று அறையும், காதில் ஒரு அடைப்பு, காலடியில் அதிர்வு, கடைசிப் பெட்டி போன பிறகு நடைமேடையில் காகிதத் துண்டுகள் சுழலும். அந்த நேரத்தில் கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எண்ணும் கிடைக்காது, ரயிலும் கிடைக்காது. முதல் இரண்டு மூன்று ரயிலை வெறும் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு படம் எடுங்கள்.

வெளியூர்ப் பயணத்தில் விழுகிற பள்ளம், அட்வான்ஸ் டிக்கெட். விலை குறைவு என்று வாங்கிவிடுவோம், ஆனால் அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான், வழியில் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் ஏற முடியாது. யார்க் போகிற வழியில் டான்காஸ்டரில் இறங்கி இரண்டு மணி நேரம் நிற்க ஆசை என்றால் வேறு வகை டிக்கெட்தான் வாங்க வேண்டும், வாங்குமுன் நிபந்தனையைப் படியுங்கள். யார்க்கில் தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. 1938 ஜூலை 3ஆம் தேதி மணிக்கு 126 மைல் ஓடிய மல்லார்ட் நீராவி எஞ்சின் அந்த அருங்காட்சியகத்தின் சொத்து. அதைப் பார்த்த கையோடு ஸ்டேஷனின் வளைந்த கூரையையும் நின்று பாருங்கள், 1877ல் கட்டியது. நம் ஊர் பஸ் ரசிகர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். லேலண்ட் என்பது லங்காஷயரில் இருக்கிற ஒரு ஊர். நம் அசோக் லேலண்டின் பெயரில் பாதி அங்கிருந்து வந்தது. ஹாரோ வழியாகப் போகிற அதே மெயின் லைனில் அந்த ஊருக்கு ஸ்டேஷனும் உண்டு, பழைய லாரி, பஸ் வைத்திருக்கும் மியூசியமும் உண்டு.

பருவத்தை மறந்து டிக்கெட் போடாதீர்கள். டிசம்பரில் லண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், குளிரில் கேமரா பேட்டரி பாதி நேரம்கூட நிற்காது. கிறிஸ்துமஸ் அன்று ரயிலும் இல்லை, டியூபும் இல்லை, லண்டன் பஸ்ஸும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலைக்காகப் பாதையை மூடிவிட்டுப் பதிலுக்கு பஸ் விடுவது அடிக்கடி நடக்கும். அந்த நாட்களை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு விஷயத்தில் நான் பார்த்த தவறு இரண்டு. வருஷத்துக்குக் கொஞ்ச நாளே லீவு கிடைக்கிற மாமாவை, கார் எடுத்து ரயில் பார்க்க ஏதோ ஒரு பாலத்தில் கொண்டுபோய் விடுங்கள் என்று கேட்பது ஒன்று. அவர் மறுக்க மாட்டார், அதனால்தான் கேட்கக் கூடாது. இரண்டாவது, பள்ளிச் சீருடையில் பிள்ளையை ரயில் முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, ஸ்டேஷன் பெயரோடு அன்றைக்கே இணையத்தில் போடுவது. எந்தப் பள்ளி, எந்த நேரம், எந்த வழி என்று ஊருக்கே சொல்கிற படம் அது. ரயிலைப் போடுங்கள், பிள்ளை படத்தைக் குடும்பக் குழுவில் போடுங்கள்.

இரண்டாவது முறை போனபோது நான் கிளாப்பத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போனேன். மற்ற நாட்களில் பள்ளி விட்டதும் பையனைக் கூட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் ஹாரோ நடைமேடை, ஆறரைக்குள் வீடு. ஒரே நோட்டில் நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவன் எழுதினான், பிறகு அவன் சொல்ல நான் எழுதினேன். கிளம்பும்போது நோட்டை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன். ஓடுகிற 56 பெண்டலினோவில் எங்களுக்கு இன்னும் ஏழு பாக்கி. சனிக்கிழமை காலையில், அங்கே மணி பத்து, இங்கே மதியம், போன் வரும், "மாமா, எழுதிக்கோங்க" என்பான்.